கண்ணாடியை இறக்கினேன்

காலையில் எழுந்தவுடன் எல்லார் வாயும் நாறும், சார். ராஜாவாக இருந்தாலும் நாறும். தூக்கத்தில் எச்சில் ஊறாமல் வாய் காய்ந்துபோவதால் வருகிற வாடை அது. பல் தேய்த்து நாலு மடக்கு தண்ணீர் குடித்தால் போய்விடும். அதற்கு மேலும் வாடை இருந்தால் ஈறைப் பார்க்க வேண்டும், அடிநாக்கைப் பார்க்க வேண்டும். என் நாற்காலியில் வந்து சாய்ந்த எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லியிருக்கிறேன். இதில் ஒரே ஒரு சங்கடம் உண்டு. தன் வாய் நாறுகிறதா என்று தனக்குத் தெரியாது. மூக்கு பழகிவிடும். அடுத்தவர் சொல்லித்தான் தெரிய வேண்டும், அடுத்தவரோ சொல்லமாட்டார்.

என் மனைவி கிளினிக்கில் இருந்த மருந்தைத் தவறுதலாகக் குடித்துவிட்டதாக நீங்கள் எழுதி முடித்துவிட்டீர்கள். நல்ல மனசோடுதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் 'தவறுதலாக' என்ற சொல் சரியில்லை. அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

அவள் காது கேளாத குழந்தைகளின் பள்ளியில் பேச்சு சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை. ஒரு குழந்தையின் புறங்கையைத் தன் உதட்டருகே பிடித்துக்கொண்டு 'ப' என்பாள். மூச்சு கையில் மோதும். 'ம' என்பாள். மோதாது. காதில் விழாததை அந்தக் குழந்தைகள் தோலில் கேட்டுக்கொள்ளும். நாள் முழுக்க அவள் முகத்துக்கு நேரே ஏதாவது ஒரு பிஞ்சு முகம் இருக்கும். வாய்விட்டுச் சிரிப்பாள். கடைவாய்ப் பல் வரைக்கும் தெரியும்.

நான் பல் டாக்டர், என் வேலை வேறு மாதிரி. மாஸ்க் போட்டுக்கொண்டு ஊரார் வாய்க்குள் குனிந்திருப்பேன். வாயில் பஞ்சை அடக்கிக்கொண்டு யார் என்னோடு பேசப்போகிறார்கள்? கிளினிக் கீழே, வீடு மாடியில். சாயங்காலம் மாடியேறினால் அவள் பேசிப் பேசித் தொண்டை கட்டி உட்கார்ந்திருப்பாள். எனக்கென்று மிச்சம் இருப்பது "சாப்பிடுறீங்களா?" மட்டும்தான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

ஒரு தடவை அவள் பள்ளியின் ஆண்டு விழாவுக்குப் போயிருந்தோம். கூட்டத்தின் இரைச்சலில் தலைமையாசிரியர் அவள் பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். அவளும் அவர் காதோரம் ஏதோ சொல்லிவிட்டுச் சிரித்தாள். தப்பான சிரிப்பு இல்லை. அது எனக்கு அப்போதே தெரியும். திரும்பி வரும்போது காரில் என் பக்கம் சாய்ந்து, அந்த வேடிக்கையை எனக்கும் சொல்ல ஆரம்பித்தாள். நான் ஜன்னல் கண்ணாடியை இறக்கினேன்.

"என்னங்க, புழுக்கமா இருக்கா?"

"இல்ல."

கொஞ்ச தூரம் வந்தோம். பிறகு உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். "என் வாய் நாறுதா?"

நான் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன். பதில் சொல்லவில்லை. அவ்வளவுதான், சார். நாறுகிறது என்று நான் சொல்லவே இல்லை. மிச்ச வழி முழுக்க அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்படி அவள் என்னைப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

மறுநாள் தானாகவே கிளினிக்குக்கு இறங்கி வந்து நாற்காலியில் சாய்ந்தாள். "மறைக்காம சொல்லுங்க." விளக்கை இழுத்துப் பார்த்தேன். அதைவிடச் சுத்தமான வாயை நான் பார்த்ததில்லை. "பெரிசா ஒண்ணும் இல்ல, கவனிச்சா சரியாயிடும்," என்றேன். பெரிதாக ஒன்றும் இல்லை என்பது உண்மைதானே.

அதிலிருந்து அவள் நாக்கை ரத்தம் கசியும்வரை வழித்தாள். காரமான மருந்தை வைத்து வாய் கொப்பளித்துக்கொண்டே இருந்தாள். அளவுக்கு மீறிக் கொப்பளித்தால் வாய் வறளும். வறண்டால் உண்மையிலேயே வாடை வரும். இது அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். சில மாதங்களில் லேசான வாடை வரத்தான் செய்தது. எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. மனசாட்சி என்று ஒன்று எனக்கும் உண்டு.

பிறகு வகுப்பிலும் மாஸ்க் போட ஆரம்பித்தாள். உதட்டைப் பார்த்துப் படிக்கிற குழந்தைகள், சார். ஒரு சின்னப் பெண் மாஸ்க்கைப் பிடித்து இழுத்துவிட்டது. இவள் பதறி விலகியதில் குழந்தை தரையில் விழுந்து அழுதது. அன்றோடு வேலையை விட்டுவிட்டாள். தலைமையாசிரியர் வீடு தேடி வந்தார். "அப்படி ஒண்ணும் இல்ல டீச்சர், எங்க யாருக்கும் எதுவும் தெரியல. பிள்ளைங்க உங்களைத் தேடுது," என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். அவர் படியிறங்கியதும் அவள் சொன்னாள். "பாவம், நல்ல மனுஷன். முகத்துக்கு நேரா சொல்ல வாய் வரல அவருக்கு."

எங்களுக்கு ஒரே மகள். அப்போது ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். தூங்கப் போகுமுன் அம்மா தருகிற முத்தம் நின்றுபோனது. ஒருநாள் சாப்பிடும்போது என்னிடம் மெல்லக் கேட்டாள். "அம்மாவுக்கு என்னைப் பிடிக்கலையாப்பா?" அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றேன். கொஞ்சம் வளர்ந்ததும் அவளே ஹாஸ்டலில் சேர்க்கச் சொன்னாள். சேர்த்தேன்.

அந்த வருடங்கள்தான் என் வாழ்க்கையிலேயே நல்ல வருடங்கள். அவள் வேறு யாரோடும் பேசுவதில்லை. என்னோடு மட்டும், மேஜையின் அந்தக் கோடியில் உட்கார்ந்து, மாஸ்க்குக்குள்ளிருந்து பேசுவாள். சின்ன வயதுக் கதையெல்லாம் சொல்வாள். ஒருநாள் கேட்டாள். "என் பக்கத்துல படுக்க உங்களால எப்படிங்க முடியுது? வேற யாராவது இருந்தா எப்பவோ விரட்டியிருப்பாங்க." நான் அவள் கையைத் தட்டிக்கொடுத்தேன். கட்டின பெண்டாட்டி இவ்வளவு நன்றியோடு பார்க்கிற புருஷன் எத்தனை பேர் இருப்பார்கள்?

பல்லைப் பிடுங்கச் சொன்னதும் அவள்தான். கடைவாயில் ஏதோ அழுகிக் கிடக்கிறது என்றாள். படம் எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஆனாலும் பிடுங்கினேன். அழுகின பல் சொன்ன பேச்சைக் கேட்கும். நல்ல பல் எலும்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்னும். வியர்த்துவிட்டது எனக்கு. அவள் முனகக்கூட இல்லை. ஒவ்வொன்றாக, பின்னாலிருந்து முன்னால் வந்தோம்.

மச்சினி வெளியூரிலிருந்து வந்து பார்த்துவிட்டுத் திகைத்துப்போனாள். அக்காவின் மாஸ்க்கை வலுக்கட்டாயமாக இறக்கி, மூக்கோடு மூக்கு வைத்து ஊதச் சொன்னாள். "மருந்து வாசனைதான்க்கா வருது. என் பிள்ளை மேல சத்தியமா சொல்றேன்." என்னிடம் திரும்பி, "அத்தான், நீங்களாவது சொல்லக் கூடாதா?" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வேறொரு பல் டாக்டரிடம் இழுத்துப் போனாள். வாயில் எந்தக் கோளாறும் இல்லை, மனசுக்குத்தான் வைத்தியம் வேண்டும் என்று அவர் சொல்லியனுப்பினார். கெட்டிக்காரர். தங்கையைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து என் மனைவி சொன்னாள். "ஊர்ல எல்லாருமே எனக்காகப் பொய் சொல்றாங்க. உங்க ஒருத்தராலதான் அது முடியல."

அப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். வாயையும் திறந்தேன். கீழே யாரோ மணியடித்தார்கள். இறங்கிப் போய்விட்டேன்.

மகளுக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்தது. போன மாதம் போன் செய்தாள். "குழந்தையை அம்மா மடியிலதான் முதல்ல போடணும். அம்மா அவனுக்கு ஒரு முத்தம் குடுக்கணும். அப்புறம் அம்மாவ என்னோட கூட்டிட்டுப் போறேன்ப்பா. அங்க வெச்சு நல்லபடியா காட்டலாம்." நான் சரி என்றேன்.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் என் மனைவி கிளினிக்குக்கு இறங்கி வந்தாள். கருவிகளை ஊறவைத்திருந்த திரவத்தை எட்டிப் பார்த்தாள்.

"இதுல போட்டா எல்லாக் கிருமியும் செத்துடுமா?"

"ஒண்ணுகூட மிஞ்சாது."

"வாய்க்குள்ள இல்லீங்க, எனக்கு அடிவயித்துலேருந்து வருதுன்னு தோணுது."

அவள் ஏன் கேட்டாள் என்று எனக்குப் புரிந்தது. 'விஷம்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். புரிந்தும், கிளினிக் சாவியை எப்போதும் மாட்டுகிற ஆணியிலேயே மாட்டினேன். மறுநாள் விடிந்து நான் குளித்துக்கொண்டிருந்தபோது அவள் இறங்கிப் போயிருக்கிறாள். சாவதற்காக இல்லை, சார். பேரனை முத்தமிடுவதற்காக.

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பேச்சு வரவில்லை. மகள் குழந்தையோடு வாசலில் வந்து இறங்கிவிட்டதாக நர்ஸ் வந்து சொன்னாள். அது அவள் காதில் விழுந்தது. என்னைக் கிட்டே வரச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள். குனிந்தேன். வாயைக் கொஞ்சமாகத் திறந்து என் முகத்தில் மூச்சை விட்டுவிட்டு, என்னையே பார்த்தாள்.

"இல்லம்மா. இப்ப கொஞ்சம்கூட இல்ல. போயிடுச்சு."

அவள் முகம் எப்படி ஆயிற்று என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. குழந்தையை வாங்க இரண்டு கையையும் நீட்டினாள். மகள் கதவைத் திறப்பதற்குள் கைகள் படுக்கையில் விழுந்துவிட்டன.

நான்தான் கொன்றேன் என்று மச்சினி சொல்கிறாள். சரியாகத்தான் சொல்கிறாள். நான் வைத்தியம் தொடங்கும்வரை அவள் வாய் ஒருநாளும் நாறியதில்லை. கண்ணாடியை இறக்கியபோதே அது எனக்குத் தெரியும். இதையெல்லாம் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கடைசியாக நான் குனிந்தபோது, வெந்துபோன அவள் தொண்டையிலிருந்து வந்த வாடை ஒரு மனிதன் தாங்கக்கூடியது இல்லை. அப்போதும் நான் முகத்தைத் திருப்பாமல், 'இல்லை' என்றேன். இத்தனை வருடத்தில் அவளிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதுவும் அவள் மனசு நோகக் கூடாதே என்பதற்காக.