ஜப்பான் மாதா கோயில்

“அலோ... ஜெரி, அக்காடா. பேனர்ல இன்னாடா போட்டு வச்சிகீறே?”

ராயபுரத்தில் கோயில் வாசலில், தன் முகமே ஆளுயரத்துக்குச் சிரிக்கும் பேனரின் கீழ் நின்று தம்பியைக் காய்ச்சிக்கொண்டிருந்தாள் டீக்கடை பிலோமி.

“‘ஜப்பான் மாதா கோயிலில் பரிசு பெறும் எங்கள் அக்கா’... எந்த மாதாடா, யாரு சொன்னது?... நானா? நான் கோயில்னுதானே சொன்னேன்... ஆமா, ஆமா, கோயில்தான். புத்தர் கோயிலு... அதான், கண்ண மூடிகினு உக்காந்துகினு இருப்பாரே, அவுரு.

நீ எங்க கீறே?... ஃபாதர் பங்களாலயா? நன்றிப் பூசை கேக்கவா? வாணாம்டா, வெளிய வா...

பரிசும் எனக்கில்ல. நம்ம கடையாண்ட உக்காந்து எழுதிகினு இருந்துச்சே, ஜப்பான்காரம்மா ரெய்கோ, அது புக்குக்கு. அந்தக் கோயில்ல எப்பவோ இருந்த சாமியாரு பேர்ல, வருஷா வருஷம் நல்ல புக்குக்கு குடுக்குறாங்களாம். அதுல நானும் வரேன்னு, மேடைல கூட நிக்கச் சொல்லி டிக்கெட் போட்டுகீது...

இன்னாது, போவக்கூடாதா?... காலைல மாலை வாங்கியாரேன்னவன் நீதானே... மெதுவா கத்து... பாவமா? ஏன்டா, எண்ணூர் கடல்ல எண்ணெ மெதந்தப்போ, அள்ளுற பசங்க கையெல்லாம் தார் மாதிரி அப்பிகினு வந்து நின்னாங்க. டீ கிளாஸ புடிக்க முடியல. தேங்கா எண்ணெ தடவி தொடச்சி உட்டேன். நீ எந்தக் கோயிலுப்பான்னு ஒருத்தனையாவது கேட்டனா?... அதத்தான் எழுதிகீது. வேற ஒண்ணுமில்ல...

டேய், கேக்குதா?... அலோ... யாரு?”

சேலைத் தலைப்பு தானாகத் தலைக்கு ஏறியது.

“தோத்திரம் ஃபாதர்... ஸ்பீக்கர்லயா போட்டுகீறான்?... எல்லாம் கேட்டீங்களா?... ஆமா ஃபாதர், புத்தர் கோயில்தான்... அவன் தெரியாம கேட்டுட்டான், பூசை வேணாம்... பூசை உண்டா?... நான் நல்லபடியா போய்ட்டு வரதுக்கா?... சரி ஃபாதர்... சரி, சரி...

அங்க ஜெபமா? எனக்கு ‘அருள்நிறைந்த மரியே’தான் வரும் ஃபாதர். மனசுக்குள்ள சொல்லிக்கறேன்... வாய் விட்டே சொல்லலாமா? அவங்க கோச்சிக்க மாட்டாங்க?... நீங்க கோச்சிக்கலியே, அது போதும் ஃபாதர்...

அந்தக் கழுதைகிட்ட கொஞ்சம் போனக் குடுங்க... அலோ?... அலோ?”