சீனாவில் விட்ட ஷூ

பிள்ளைகளா, போன ஞாயிற்றுக்கிழமை சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். சீனாவில் வேலை பார்க்கும் மகனைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் என்று பேச்சில் தெரிந்தது.

“சீனாக்காரங்க உங்களைச் சாமியார்னு நெனச்சதைச் சம்பந்தி வீட்டுல சொல்லத்தான் போறேன்” என்றார் அந்தம்மா. நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“சொல்லித் தொலைக்காத. மாப்பிள்ளை முன்னாடி என் மானம் போயிடும்.”

“பின்ன என்னங்க? அந்தப் பழைய ஊர்ல நாலு கோயிலையும் நடந்தே பார்க்கலாம்னு டூர்ல கூட்டிட்டுப் போனாங்க. நீங்க முதல் கோயில் வாசல்லயே ஷூவைக் கழட்டி வச்சிட்டீங்க.”

“கோயிலுக்குள்ள ஷூவோடயா போவாங்க?”

“அங்க எல்லாரும் அப்படித்தான் போனாங்க. கொடி பிடிச்சிட்டு முன்னால போன கைடு பொண்ணு பின்வாசல் வழியா வெளியே கூட்டிட்டுப் போயிட்டா. திரும்பிப் போக நேரமில்லைன்னுட்டா. மிச்ச மூணு கோயிலுக்கும் வெறுங்காலோட நடந்தீங்க. வழியில ரெண்டு பேரு கும்பிட்டு ஆரஞ்சுப் பழம் வேற குடுத்தாங்க.”

“அந்தப் பழத்தை நீதானே தின்ன?”

“சாமியார் குடுத்த பிரசாதமாச்சே. சரி, சொல்லல. மூஞ்சிய அப்படி வச்சிக்காதீங்க.”

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. ராஜகோபுரம் தெரிந்ததும் கணவர் செருப்பிலிருந்து காலை உருவிக்கொண்டு கைகூப்பினார். ஸ்ரீரங்கம் வந்ததும் நிம்மதியாக முதல் ஆளாக இறங்கி நடந்தார்.

அந்தம்மா குனிந்து, சீட்டுக்கு அடியில் கிடந்த அவருடைய செருப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினார்.

“ஏங்க, இதையும் சொல்லக் கூடாதா?”