இருபது வரை எண்ணினேன்

குழாய்த் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். நான் உங்களோடு போலீஸ் நிலையத்துக்கு வந்த பிறகு ஜன்னலில் இருக்கும் அந்தச் செடியை யாராவது பார்த்துக்கொள்வதாக இருந்தால், கொல்லைப்புறத்தில் மழைநீர்ப் பீப்பாய் இருக்கிறது. தட்டில் ஒரு விரற்கடை நீர் நின்றால் போதும். உரம் வேண்டவே வேண்டாம். நானும் புதிதாக வளர்க்கத் தொடங்கியவள்தான், ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன்.

முன்பெல்லாம் எங்கள் ஜன்னல் திட்டு முழுக்க அக்கா ஃபெம்மியின் பூந்தொட்டிகள்தான். மூன்று வருடங்களுக்கு முன் இடுப்பெலும்பு முறிந்து அவள் மாடி அறையில் படுத்த படுக்கையானாள். தொட்டிகள் எல்லாம் காய்ந்துபோயின. அவளைப் பார்க்கவே எனக்கு நேரம் சரியாக இருந்தது. அவள் தலைமாட்டில் ஒரு பித்தளைக் கைமணி இருக்கும். எங்கள் மாடிப்படி எவ்வளவு செங்குத்து என்று உங்களுக்கே தெரியும், நீங்களே கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினீர்கள். எனக்கு அறுபத்தெட்டு வயது. ஒரு நாளைக்கு முப்பது தடவை ஏறி இறங்கினேன்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல டினி. எதிர்வீட்டுக்காரி புதுத் திரை போட்டிருக்கா, பாத்தியா?"

"இதுக்கா கூப்பிட்ட?"

"பின்ன? நீ கீழ செத்துக் கிடந்தா எனக்கு யாருடி காபி குடுப்பா?"

அவள் கெட்டவள் இல்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள். பொழுது போகவில்லை, அவ்வளவுதான். என் முழங்கால்தான் உயிரை வாங்கியது.

போன மே மாதம் சனிக்கிழமைச் சந்தையில் அந்த ஈ பிடிக்கும் செடியை வாங்கினேன். விற்றவர் நல்ல மனிதர். பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். "விளையாட்டுக்குத் தொடாதீங்கம்மா. ஒரு இலை அஞ்சாறு தடவைதான் மூடித் திறக்கும், அப்புறம் கருகிடும். அதனால அது உஷாரு. இலை மேல ஏதாவது ஒரு தடவை பட்டா அசையாது. இருபது நொடிக்குள்ள ரெண்டாவது தடவை பட்டாத்தான் மூடும். வந்து விழுற தூசிக்கெல்லாம் மூடினா அது பிழைக்கிறது எப்படி?"

வீடு திரும்பும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். எனக்கு யாரும் இப்படி எதையும் சொன்னதில்லை.

ஃபெம்மியைக் குளிப்பாட்ட வரும் மார்லூஸ் ஒருநாள் செடியை மாடிக்கு எடுத்துப் போய்க் காட்டியிருக்கிறாள். அக்கா பின்னல் ஊசியால் ஒவ்வொரு இலையாகக் குத்தி மூடவைத்து விளையாடினாள். சிலவற்றில் பாலாடைக்கட்டித் துணுக்கையும் திணித்தாள். நான் போனபோது, "சாப்பிடு கண்ணு, சாப்பிடு" என்று கொஞ்சிக்கொண்டிருந்தாள். ஒரு வாரத்தில் ஏழு இலைகள் கருகின. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"விடுங்க டினி, வெறும் செடிதானே, திரும்பத் துளிர்க்கும்" என்றாள் மார்லூஸ். துளிர்த்தது. உண்மைதான்.

அன்றைக்கே அக்காவிடம் சொன்னேன். "இனிமே ஒரு தடவை அடிச்சா வரமாட்டேன். நிஜமாவே வேணும்னா, நான் இருபது எண்ணுறதுக்குள்ள இன்னொரு தடவை அடி."

"செடிகிட்டயா பாடம் படிச்ச?" என்று சிரித்தாள். "சரிங்க மகாராணி."

சொன்ன சொல்லை அவள் காப்பாற்றினாள். சும்மா தோன்றினால் ஒருமுறை அடிப்பாள். நான் கீழே நின்று எண்ணுவேன். இருபதுக்குள் அவளே விட்டுவிடுவாள். முப்பது தடவை ஏறியது ஆறாகக் குறைந்தது. முழங்கால் வலி போனது. என் முகம் தெளிந்திருக்கிறது என்று மார்லூஸே சொன்னாள். நியாயமான ஏற்பாடு என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

போன வியாழக்கிழமை காலை அவளுக்குக் காபியும் வழக்கம்போல் ஒரே ஒரு பிஸ்கட்டும் கொடுத்துவிட்டு இறங்கினேன். ஜன்னல் திட்டில், செடியின் இலை மேல் ஒரு ஈ நடந்துகொண்டிருந்தது. அது தானாக மூடுவதை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது மேலே மணி அடித்தது. ஈயின் மேலிருந்து கண்ணை எடுக்காமல் எண்ணத் தொடங்கினேன்.

பிஸ்கட் தொண்டையில் அடைத்துவிட்டது, யாராவது முதுகில் ஓங்கித் தட்டியிருந்தால் பிழைத்திருப்பாள் என்றார் டாக்டர். மணி ஒருமுறைதான் அடித்தது என்று அவரிடம் சொன்னேன். மார்லூஸிடமும், உங்களிடமும் அதையேதான் சொன்னேன். மணி கட்டிலுக்கு அடியில் கிடந்தது. கை தளர்ந்து அது விழுந்த சத்தமும் எனக்குக் கேட்டிருக்கலாம், விழுவது அடிப்பதாகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்று நாள் அதை நம்பவும் செய்தேன்.

கைமணியை நீங்கள் பையில் போட்டு எடுத்துப் போய்விட்டீர்கள். ஆனாலும் தினமும் காபி நேரத்தில் மேலே அது அடிக்கிறது, ஒரே ஒருமுறை. கையில் இருப்பதை வைத்துவிட்டு எண்ணுகிறேன். இரண்டாவது வருவதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. நேற்று எண்ணி முடிக்காமலே ஏறிப் போனேன். மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். இருந்தும், "என்னக்கா?" என்று கேட்டேன்.

அதனால் முதலில் எழுதியதை அடித்துவிட்டு, இப்போது சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை மணி இரண்டு முறை அடித்தது. நான் ஏழு எண்ணும்போது இரண்டாவது தடவை, நன்றாக, பலமாக அடித்தது. ஈ இன்னும் இலை மேல்தான் இருந்தது.

நான் எட்டு என்றேன்.