நான் வேலைக்கு எடுக்காத சமையல்காரன்

மீனை மாவில் முக்குவதற்கு முன்னால் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், மேடம். முக்கால்வாசிப் பேர் அதைச் செய்வதில்லை. ஈரத்தோடு முக்கினால் எண்ணெயில் மாவு ஒரு பக்கம், மீன் ஒரு பக்கம் போய்விடும். ரோலி ஒற்றி எடுப்பான். உருகுகிற பனியில் இவ்வளவு தூரம் காரை ஓட்டிவந்து நீங்கள் கேட்கிற கேள்விக்கு என் பதில் சுருக்கமாக இதுதான். உங்கள் முகத்தைப் பார்த்தால் விரிவாகச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. காபி ஆறுகிறது, குடியுங்கள்.

நான் சட்டத்தை மதிக்கிறவன். புதிதாக ஓர் ஆளை வேலைக்கு எடுத்தால் இருபது நாளுக்குள் அவன் பெயர், விலாசம் எல்லாவற்றையும் மாநில அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். பாத்திரம் கழுவ வந்த ஒருத்தன் ஒரு மத்தியானம் மட்டும் இருந்தான். சிகரெட் பிடித்துவிட்டு வருகிறேன் என்று போனவன் திரும்பவே இல்லை. அவனையும் தெரிவித்தேன். என் மனைவியின் தங்கை கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு வாரம் கல்லாவில் உட்கார்ந்தாள். அவளையும் தெரிவித்தேன். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை.

அந்தச் சட்டம் எதற்கு என்றும் தெரியும். பெற்ற பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் ஊர் ஊராக ஓடுகிற அப்பன்களைப் பிடிப்பதற்கு. நல்ல சட்டம். மிக நன்றாக வேலை செய்கிறது. நான் பெயரை அனுப்புவேன். கொஞ்ச நாளில், இவன் சம்பளத்தில் பிடித்து அனுப்பு என்று உங்கள் பிள்ளைப் பராமரிப்பு அலுவலகத்திலிருந்து கடிதம் வரும். மறுநாள் காலையில் அடுப்படி ஆணியில் ஏப்ரன் மட்டும் தொங்கும். அப்படி மூன்று நல்ல சமையல்காரர்களை இழந்திருக்கிறேன். மூன்றாவது ஆள் போனது தவக்காலத்தின் நடுவில். விஸ்கான்சினில் ஓர் ஏரிக்கரை உணவகம், ஊரே இறைச்சியை விட்டு மீன் தின்கிற தவக்கால வெள்ளிக்கிழமையில் மோசமான மீன் போட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் ஃபாதர் எல்லோர் கையையும் குலுக்கினார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

ரோலியை நான் வேலைக்கு எடுக்கவில்லை. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். அவன் உதவிக்கு வந்தான். அடுத்த வெள்ளிக்கிழமை, வெளியே கார்கள் ரோடு வரைக்கும் நிற்கின்றன, நான் சட்டியிலிருந்து கரிந்த மீனைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். பின்வாசல் வழியாக வந்து நின்றான்.

"தள்ளுங்க மாமா. நீங்க மீன் பொரிக்கிறீங்களா, ரோடு போடத் தார் காய்ச்சுறீங்களா?"

கரண்டியை வாங்கிக்கொண்டான். பீர் ஊற்றி மாவைக் கரைத்தான். சீமைச் சோம்பை உள்ளங்கையில் நசுக்கிப் போட்டான். உருளைக்கிழங்கு அடைக்கு ஆப்பிளைத் துருவினான். அன்று ராத்திரி ஒரு தட்டிலும் மிச்சமில்லை. அடுப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"என் பேரை அனுப்பிடுவீங்களா மாமா?"

"ஏன், நீ இங்க வேலையா பாக்குற?"

"இல்லையே."

"அப்புறம் எதுக்கு அனுப்பணும்?"

எங்களுக்குள் இருந்த ஒப்பந்தம் அவ்வளவுதான். சம்பளம் என்று எதுவும் கிடையாது. படகுக் கொட்டகைக்கு மேலே ஓர் அறை காலியாகக் கிடந்தது. அதில் அவன் படுத்தால் நான் எழுப்புவதில்லை. சட்டைப்பையில் ஏதாவது வைப்பேன், அது அன்பளிப்பு. வாராவாரம் ஒரே அளவில் அன்பளிப்புக் கொடுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதா, மேடம்? இருக்கும்.

அவன் பிள்ளைகளின் அம்மாவைப் பற்றி நான் நினைத்துப் பார்க்கவே இல்லை என்று நீங்கள் எண்ணக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் இதே மேஜையில், நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில்தான் உட்காருவாள். காலையில் பள்ளிக்கூடக் கேன்டீன், ராத்திரி முதியோர் இல்லம் என்று இரண்டு வேலை. ஜனவரியில் வீட்டு ஹீட்டர் செத்துவிட்டது. பிள்ளைகள் இரண்டும் கோட்டோடு தூங்கின. "அவன் எங்க இருக்கான்னு மட்டும் தெரிஞ்சாப் போதும், மீதிய அரசாங்கம் பாத்துக்கும்" என்று அழுவாள். நான் செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பை வெட்டிக் கொடுப்பேன். பெரிய துண்டாக. ஒரு சின்ன மின்சார ஹீட்டர் என்னிடம் இருந்தது, கொடுத்திருப்பேன். அது ரோலியின் அறைக்குத் தேவைப்பட்டது.

அவனைத் தேடுவதற்கு ஒரு சனிக்கிழமை என் காரிலேயே அவளைக் கிரீன் பே நகரம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனேன். பெட்ரோல்கூட என்னுடையது. "உங்களுக்குத்தான் எல்லாச் சமையல்காரங்களையும் தெரியுமே, விசாரிச்சுப் பாருங்களேன்" என்றாள். விசாரித்தேன். ஒருத்தரையும் விடவில்லை. ரோலியிடமும் கேட்டேன். பார்க்கவில்லை என்று சொன்னான்.

ஒருமுறை, வெள்ளிக்கிழமை மட்டும் இங்கே பரிமாற வரட்டுமா என்று கேட்டாள்.

"வேண்டாம்டி. உன்ன எடுத்தா அரசாங்கத்துக்குத் தெரிவிக்கணும். வீண் அலைச்சல்."

"தெரிவிங்களேன் அப்பா. நானா ஒளிஞ்சுக்கிட்டிருக்கேன்?"

இன்னொரு துண்டு பை வெட்டினேன்.

ஆமாம், டெனீஸ் என் மகள்தான். அந்தப் பிள்ளைகள் என் பேரப்பிள்ளைகள்தான். உங்கள் கோப்பில் இருக்குமே, தனியாகச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தொழிலையும் குடும்பத்தையும் நான் கலப்பதில்லை.

நான் செய்த தப்பு வேறு. போன வெள்ளிக்கிழமைக்கு முதியோர் இல்லத்திலிருந்து அறுபது பொட்டலம் மீன் கேட்டார்கள். அறுபது பொட்டலத்தை எந்த உணவகக்காரன் வேண்டாம் என்பான்? என் மகள் அங்கே வேலை செய்கிறாள் என்பது எனக்குத் தெரியாததல்ல. அவள் மீனைப் பரிமாறுவாள், சாப்பிடுவாள் என்று யோசிக்கவில்லை. பல்லில்லாத ஒரு கிழவர் பாதி மீனையும் பாதி அடையையும் வைத்துவிட்டாராம். வீணாகிறதே என்று வாயில் போட்டிருக்கிறாள். ஒன்பது வருஷம் அவன் சமையலைச் சாப்பிட்டவள். ஆப்பிள், சீமைச் சோம்பு.

யூனிஃபார்மோடு நேராக அடுப்படிக்கு வந்து நின்றாள். ரோலி கரண்டியைப் பிடித்தபடி அவளைப் பார்த்தான்.

"டெனீஸ்… ரெண்டு துண்டு மீன் போடட்டுமா?"

அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. "எத்தன நாளா அப்பா?"

"உதவிக்குத்தாம்மா வர்றான்."

"எத்தன நாளா?"

"இது ரெண்டாவது தவக்காலம்."

சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. "இவன் ஓடுகாலி. ஓடினான், அது அவன் குணம். நீங்க எனக்கு பை வெட்டிக் கொடுத்தீங்களே அப்பா" என்றாள். ஆணியில் தொங்கிய ரோலியின் கார் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதனால்தான் அவன் இன்னும் கொட்டகையிலேயே இருக்கிறான். நீங்கள் அவசரப்பட வேண்டியதில்லை.

இந்த வாரம் அவள் பை சாப்பிட வரவில்லை. வெட்டி வைத்தது அப்படியே இருந்தது. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. பெற்றவனுக்கு இருக்காதா?

சரி, எழுதிக்கொள்ளுங்கள். ரோலியை நான் வேலைக்கு எடுத்தேன். சம்பளம் கொடுத்தேன். பெயரை அனுப்பினால் என் மகள் வீட்டில் ஹீட்டர் எரியும், என் அடுப்பு அணையும் என்று நன்றாகத் தெரிந்தேதான் அனுப்பவில்லை. அபராதம் எவ்வளவானாலும் கட்டுகிறேன். மகளைவிட மீன் பெரிதா என்று மட்டும் கேட்காதீர்கள். எனக்கு என் மகள்தான் பெரிது. அவளுக்காக எதையும் செய்வேன், இந்த ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

பேனாவைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தேதியை மட்டும் திங்கட்கிழமை என்று போட்டுக்கொள்ளலாமா, மேடம்? நாளைக்குப் புனித வெள்ளி.