தொட்டிவாய் விளக்கு

மதிப்பிற்குரிய கோட்டாட்சியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் எங்கள் கல்லூரிக் கருத்தரங்கக் கூடத்தில் தாங்கள் நடத்திய விசாரணையில் யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தோம் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். அவரவரை அவரவர் இடத்தில் வைத்துவிட்டால்தான் எனக்கு எழுத்து ஓடும்.

நடுவில் தாங்கள். வலப்பக்கம் எங்கள் முதல்வர், அவரை அடுத்து ஆலையின் பொது மேலாளர். இடப்பக்கம் தட்டச்சர், மின்விசிறிக் காற்றில் தாள்கள் பறந்ததால் அவர் இரண்டொரு முறை எழுந்துபோய் அதை நிறுத்தினார். எதிர் வரிசையில் நான். எனக்குப் பக்கத்தில் ஆலை மேற்பார்வையாளர் பொன்னுரங்கம். அவர் உட்காருமுன் தன் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார். காற்று வரட்டும் என்று செய்கிறார் என அப்போது நினைத்தேன். கதவோரம், காவலருக்கும் சுவருக்கும் நடுவில் ஆலைத் தொழிலாளி ராசு. இறந்துபோன ஐயப்பனின் அப்பா கரியனுக்கும் அம்மா மாரிக்கும் நாற்காலி போட்டிருந்தார்கள். அவர்கள் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். மாரியின் மடியில் ஒரு மஞ்சள் பை. அதில் ஐயப்பனின் ஷூ இருந்தது.

முடிவில் தாங்கள், "வேற ஏதாச்சும் சொல்லணுமா தம்பி?" என்று கேட்டீர்கள். "இல்லைங்க ஐயா" என்றேன். அந்தப் பதில் முழுமையானதல்ல. விடுபட்டதைச் சேர்ப்பதற்காகவே இந்தக் கடிதம்.

நான் மணலூர்பேட்டையில் படித்தவன். பள்ளியில் கடிதம் எழுதும் கேள்விக்கு என்னளவு மதிப்பெண் யாரும் வாங்கியதில்லை. இங்கே கள்ளக்குறிச்சிப் பக்கம் எம்.பி.ஏ. சேர்ந்த பிறகும் விடுதியில் யாருக்கு விடுப்பு வேண்டுமென்றாலும், கட்டணத்துக்குத் தவணை வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். என் வகுப்பில் ஐயப்பன் ஒருவன்தான் கல்வராயன் மலையிலிருந்து வந்தவன். அவனுக்கும் நான்தான் உதவித்தொகை விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். எனக்கும் அவனுக்கும் பகை என்று யாராவது சொன்னால் தாங்கள் நம்ப வேண்டாம்.

இரண்டாம் ஆண்டில் எங்கள் கல்லூரியில் மாணவர்களை இரண்டிரண்டு பேராக ஒரு தொழிற்சாலைக்கு அனுப்புவார்கள். புத்தகத்தில் இல்லாததைத் தொழிலிலிருந்து கற்க வேண்டும் என்பது முதல்வரின் கொள்கை. எனக்கும் ஐயப்பனுக்கும் தியாகதுருகம் தாண்டியுள்ள தனியார் சர்க்கரை ஆலை கிடைத்தது. பயிற்சி முடிவில் எங்கள் இருவரில் ஒருவரைக் கரும்பு அலுவலராக எடுத்துக்கொள்வதாகப் பொது மேலாளர் முதல் நாளே சொன்னார்.

கரும்பு அலுவலர் என்றால் இன்னதென்று தங்களுக்குத் தெரியும். வயல் வயலாகப் போய் எவருடைய கரும்பு எப்போது வெட்டப்பட வேண்டும் என்று உத்தரவு கொடுப்பவர். உத்தரவு தள்ளிப்போனால் கரும்பு காய்ந்து எடை போய்விடும். என் அப்பா அந்த ஆலைக்குத்தான் கரும்பு போடுகிறார். எங்கள் கரும்பை ஒவ்வொரு பருவத்திலும் மலையிலிருந்து இறங்கிவந்து வெட்டிக் கொடுப்பவர் கரியன், அதாவது ஐயப்பனின் அப்பா. சிறுவயதில் ஐயப்பன் எங்கள் வயலில் காய்ந்த கரும்புச் சோகை பொறுக்கியதை நான் பார்த்திருக்கிறேன். கல்லூரியில் அவனாக அதைச் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. அந்த அளவுக்கு எங்களுக்குள் மரியாதை இருந்தது.

அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"கரியன் மவனா? அவன் வந்து வரப்புல நின்னுக்கினு எனுக்கு வெட்டு உத்தரவு குடுப்பானா? நான் இன்னான்னு கூப்புடணும் அவன, சாருன்னா?"

அந்தக் கேள்வி நியாயமானது என்றுதான் எனக்குப் பட்டது.

அந்த ஆண்டு, 2006, நாடெங்கும் இடஒதுக்கீட்டைப் பற்றித்தான் பேச்சு. மத்திய அரசின் உயர்கல்வி நிறுவனங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கு இடம் தரக் கூடாது என்று வடக்கே டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இங்கே நாங்கள் தர வேண்டும் என்று ஊர்வலம் போனோம். நானும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் இந்தக் கல்லூரியில் இடம் வாங்கினேன். ஊர்வலத்தின் கோரிக்கை மனுவை எழுதியது நான். கள்ளக்குறிச்சி நான்குமுனைச் சந்திப்பில் பேனரின் ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையை ஐயப்பன் பிடித்தான். அவனுக்கு அதில் ஒரு லாபமும் இல்லை. அவனைப் போன்ற பழங்குடியினருக்கு ஏற்கெனவே இடம் இருந்தது.

அன்று விடுதியில் சாப்பிடும்போது பேச்சுவாக்கில், "உங்களுக்குக் கம்மி மார்க்குலயே சீட்டு கெடைச்சிடுது, நாங்கதான் முட்டி மோத வேண்டியிருக்குது" என்றேன்.

ஐயப்பன் சிரித்தான். "இன்னாடா அன்பு, நீ கேட்டா நியாயம், எனுக்குக் குடுத்தா சலுகையா? காலையிலதான பேனர் புடிச்ச? கை வலி கூட போயிருக்காதே."

மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டும் வேறுவேறு என்பதை அவனுக்கு விளக்கியிருக்கலாம். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இனி ஆலைக்கு வருகிறேன். சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் கறுப்புப் பாகை மொலாசஸ் என்பார்கள். அது தரைக்கடியில் உள்ள பெரிய தொட்டியில் சேரும். அரவை முடிந்ததும் தொட்டியைக் காலி செய்து, ஆட்கள் ஏணியில் இறங்கி அடியைச் சுரண்டுவார்கள். பாகு புளித்து உள்ளே கெட்ட காற்று நிற்கும். அதற்குக் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் எதுவும் கிடையாது. ஆகவே ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. கயிற்றில் அரிக்கேன் விளக்கைக் கட்டி முதலில் இறக்குவார்கள். எரிந்தபடியே மேலே வந்தால் அதை எரியவிட்டே தொட்டிவாயில் வைப்பார்கள், யாரும் இறங்கலாம். உள்ளே அணைந்துவிட்டால் அணைந்த விளக்கைத் தொட்டிவாயில் வைத்துவிட்டுப் போவார்கள்; யாரும் இறங்கக் கூடாது. எழுத்துத் தெரியாதவர்களும் புரிந்துகொள்ளும் ஏற்பாடு.

பொன்னுரங்கம் இதை முதல் நாளே எங்களுக்குச் சொன்னார். "படிச்ச புள்ளைங்களா இருந்தாலும் சரி, மொதலாளியா இருந்தாலும் சரி, வெளக்குதான் இங்க மேனேஜரு. அத மீறி கால வெச்சா அப்புறம் கயித்துலதான் தூக்கணும்."

நான் இந்த வழக்கத்தைப் பற்றி என் அறிக்கையில் ஒரு பகுதி எழுதினேன். செலவில்லாத பாதுகாப்பு முறை என்று தலைப்பிட்டிருந்தேன். பேராசிரியர் நன்று என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

ஐயப்பன் கண்டுபிடித்தது வேறு விஷயம். ஆண்டுதோறும் கணக்கில் இருந்ததைவிட மொலாசஸ் குறைந்தது. லாரிக்காரர்கள் திருடுகிறார்கள் என்று ஆலையில் நினைத்திருந்தார்கள். தொட்டிவாயிலிருந்து பாகின் மேல்மட்டம் வரை அளந்து, அதைத் தொட்டியின் ஆழத்தில் கழித்து இருப்பைக் கணக்கிடுவது அவர்கள் முறை. அடியில் இறுகிக் கிடக்கும் கசடும் இப்படிப் பாகாகக் கணக்கில் ஏறிவிடுகிறது, திருட்டே இல்லை என்றான் ஐயப்பன். பொது மேலாளர் அவனைத் தன் அறைக்கு அழைத்துத் தேநீர் கொடுத்தார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

"சுரண்டுறதுக்கு முன்னாடி கசடு எவ்ளோ தடிமன்னு அளந்து குடுத்துடு. தலைமை ஆபீசுக்கு நானே எழுதறேன்" என்று அவர் சொன்னது கதவு வழியாகக் கேட்டது. கரும்பு அலுவலர் வேலைக்கு யார் பெயரை எழுதப்போகிறார் என்று எனக்குப் புரிந்தது.

அளவெடுக்க வேண்டிய நாள் காலை தொட்டிவாய்க்கு நான் முதலில் போய்விட்டேன். ராசு விளக்கை இறக்கிக்கொண்டிருந்தார். விளக்கு அணைந்தது. கயிற்றை இழுத்து, அணைந்த விளக்கைத் தொட்டிவாயில் வைத்தார்.

"அணஞ்சி போச்சி சார். ஸ்டோர்ல போயி காத்தூதுற மிஷின எடுத்துக்கினு வரேன். யாரும் எறங்காம பாத்துக்கோங்க."

"சரி" என்றேன்.

விசாரணையில், நான் போனபோது ராசு அங்கே இல்லை என்றும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது என்றும் சொல்லியிருந்தேன். அந்த இரண்டு வரிகளையும் திருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

தீப்பெட்டி எப்போதும் விளக்குக்குப் பக்கத்திலேயே ஒரு தகர டப்பாவில் இருக்கும். நான் விளக்கை ஏற்றினேன். ஏற்றி, எங்கே இருந்ததோ அங்கேயே வைத்தேன். என் கைகள் செய்த வேலை அது ஒன்றுதான். விளக்கு ஏற்றுவது எந்தச் சட்டத்தின்படி குற்றம் என்று நான் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

ஐயப்பன் அளவு நாடாவோடு வந்தான். தொழிற்சாலைக்கென்று வாங்கிய ஷூ. அதில் பாகு ஒட்டக் கூடாது என்று கழற்றி, சாக்ஸை உள்ளே திணித்து, ஓரமாக வைத்தான். விளக்கைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"இன்னாடா, எறங்கலாமா?"

"விளக்கு எரியுதே" என்றேன்.

நான் இறங்கு என்று சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை. அவன் இறங்கும்போது, "நாடாவோட முனைய மேல புடிச்சிக்கடா, அளவ சொல்றேன், எழுதிக்க" என்றான். பிடித்துக்கொண்டேன். முதலில் நாடா இழுபட்டது. பிறகு தளர்ந்தது. அவன் என் பெயரைக் கூப்பிட்டானா என்று தாங்கள் கேட்கலாம். பாதி கூப்பிட்டான்.

ராசு இயந்திரத்தோடு திரும்பி வந்து ஷூவைப் பார்த்தார். கத்திக்கொண்டே கயிற்றை இடுப்பில் சுற்றினார். கத்தல் கேட்டுப் பொன்னுரங்கம் ஓடிவந்தார். இருவரும் இறங்கப் பார்த்தார்கள். நான்தான் ராசுவின் சட்டையைப் பிடித்து இழுத்து, "விளக்கு அணைஞ்ச தொட்டியில யாரும் இறங்கக் கூடாது" என்று சொல்லி நிறுத்தினேன். அன்று நான் தடுத்திருக்காவிட்டால் மேலும் இரண்டு உயிர் போயிருக்கும். இது எந்த அறிக்கையிலும் வரவில்லை.

நான் அதைச் சொன்னபோது விளக்கு எங்கள் காலடியில் எரிந்துகொண்டிருந்தது. பொன்னுரங்கம் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். விசாரணையில் அவர் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டது காற்றுக்காக இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

எரிகிற விளக்கை எல்லோரும் பார்த்ததால் ராசு சொன்னதை யாரும் நம்பவில்லை. அவர் கைதான பிறகு மனைவி சாலம்மாள் என்னைத் தேடி விடுதி வாசலுக்கு வந்தார். நன்றாக மனு எழுதுகிறவர் என்று யாரோ சொல்லியனுப்பியிருக்கிறார்கள்.

"வெளக்கு அணஞ்சிதான் போச்சின்னு புள்ளைங்க மேல சத்தியம் பண்றாரு சார் எங்க வூட்டுக்காரு. நீங்க அங்கதான இருந்தீங்க? ரெண்டு வார்த்த எழுதிக் குடுங்க சார்."

எழுதிக் கொடுத்தேன். நீண்டகாலம் உழைத்தவர், கவனக்குறைவால் நேர்ந்த பிழை, கருணை காட்ட வேண்டுகிறோம் என்று. மனு நன்றாகவே அமைந்தது. அவர் கைநாட்டு வைத்தார். பணம் எதுவும் நான் வாங்கவில்லை.

விசாரணை முடிந்து வெளியே வந்தபோது கரியன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கரும்பு வெட்டிக் காய்த்த கை. "கடைசி வரிக்கும் எம்புள்ள கூட நீங்கதான் நின்னீங்களாம். அனாதையா போவலன்னு ஒரு ஆறுதல்ங்க" என்றார். மாரி பையைத் திறந்து ஷூவை என்னிடம் நீட்டினார். "புதுசுங்க. வீணாப் போவுது. உங்க காலுக்கு சரியா இருந்தா போட்டுக்கோங்க."

வாங்கிக்கொண்டேன். மறுத்தால் அவர்கள் மனம் வருந்தியிருக்கும். ஒரு எண் பெரியது. முனையில் கொஞ்சம் பஞ்சு வைத்தால் சரியாக இருக்கிறது.

ஐயா, நான் இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. பாதுகாப்புக் குறைபாடு என்று தாங்கள் ஆலைக்கு முத்திரை வைத்து மூடியிருக்கிறீர்கள். அடுத்த அரவைக்குள் திறக்கவில்லை என்றால் இந்த வட்டாரத்துக் கரும்பெல்லாம் வயலிலேயே காயும். உண்மையில் ஆலையின் முறையில் ஒரு குறையும் இல்லை. விளக்கு சரியாகவே அணைந்தது. ராசு சரியாகவே வைத்தார். நடந்தது மேலே நான் எழுதியதுதான். ராசுவை விட்டுவிடலாம். ஆலையைத் திறந்துவிடலாம். உண்மையைத் தானாக முன்வந்து சொல்கிறவனைப் பற்றித் தாங்கள் என்ன நினைப்பீர்கள் என்பதை நான் தங்களுக்கே விட்டுவிடுகிறேன். நேர்மைக்கும் ஒரு மதிப்பெண் உண்டு என்று நம்புகிறேன்.

ஆலை திறந்ததும் அந்தக் கரும்பு அலுவலர் இடம் காலியாகவே இருக்கும். பயிற்சி பெற்ற இருவரில் இப்போது மிஞ்சியிருப்பவன் நான் ஒருவன். பொது மேலாளரிடம் தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மதிப்பெண் பட்டியலின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன்.

அஞ்சலகம் மூடுவதற்குள் பதிவுத் தபாலில் சேர்க்க வேண்டும். தாள்களை மடித்து உறையில் வைக்கப்போகிறேன். அரக்கு உருக்குவதற்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருக்கிறேன். அறையில் காற்று நன்றாக இருக்கிறது. சுடர் அசையாமல் எரிகிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ச. அன்புச்செல்வன்