டயர்டு என்று சொன்னவர்

"இங்கிலீஷ் படிச்சு யாருக்கு என்ன ஆவப்போவுது?" என்று பெரியப்பா ஒருநாள் கேட்டார். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான்; கல்லூரியில் எடுத்ததும் ஆங்கிலம்தான்.

நேற்று நாகூர் பஸ்ஸில் முன்சீட்டில் ஓர் அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"அத்தான் ராப்பகலா தூங்காம நிலக்கரி லாரி ஓட்டுறாரு. தமிழ் தெரியாத மேனேஜர்கிட்ட என்னத்த சொன்னாரு?"

"டயர்டுன்னாராம்டா. அந்தாளுகிட்ட கத்துக்கிட்டதுதான். சாப்ட்டு எந்திரிச்சாலே அவன் டயர்டும்பான்."

"அப்ப அதக் கேட்டு மேனேஜர் சிரிச்சிருப்பான்."

"நானும் டயர்டுதான், வண்டிய எடுன்னானாம். நேத்தே கண்ணு சொருகி, வண்டி பாலத்துல மோதப் பாத்துச்சு. இன்னிக்கும் சேலத்துக்கு லோடு."

"நாம வாஞ்சூர்ல எறங்கி அந்த மேனேஜர்கிட்ட போயி என்னக்கா பேசுறது?"

"கால்ல விழுவேன். அதுக்கு இங்கிலீஷ் வேணாம்ல."

நான் இறங்க வேண்டிய டி.ஆர்.பட்டினத்தில் இறங்கவில்லை. அவர்கள் இறங்கும் வாஞ்சூருக்கு அதற்குள் டிக்கெட் வாங்கிவிட்டிருந்தேன்.