கயிறு புடிச்சவ பேசணும்

— எல்சிக்கா! அக்கா! இன்னா சத்தமே காணோம்?

— இங்கதான்டா கீறேன் ஜெயவேலு. கயிறு கையிலதான் கீது.

— கையில கீறது எனக்கெப்படித் தெரியும்? காதுல வுழணும். கயிறு புடிச்சவங்க பேசிகினே இருக்கணும்.

— இன்னாத்த பேசுறது?

— எதனா. இன்னா கொழம்பு இன்னிக்கி?

— வஞ்சரம். உனக்காகத்தான் வச்சேன். நீ ரெண்டாவது படியிலயே குடித்தனம் பண்ணினா ஆறிப்பூடும்.

— கிண்டலா? ஏணி காலுக்குக் கீழ சாக்கு போட்டியா?

— போட்டாச்சு. வழுக்காது.

— ஏணி தகரத்து மேல சாயல இல்ல? மழைத்தண்ணி ஓடுற தகரம், ஆளு பாரம் தாங்காது.

— செவுத்துலதான் சாஞ்சிகினு கீது. உன் இடுப்புக் கயிறு உத்தரத்து மேல போயி, தூண ஒரு சுத்து சுத்தி, என் கையில கீது. எல்லாம் நீ சொன்னாமாதிரிதான். ஏறுறியா, வக்கீலாட்டம் கேள்வி கேட்டுகினே இருப்பியா?

— இந்தப் படிக்கு மேல ஏற வரலக்கா.

— வரும்டா. தகரம் அடச்சிகினு, நேத்து மழைக்கு வூடெல்லாம் தண்ணி. உன் லூயிசு அண்ணன் கட்டிலுக்கு அடியில மீன் புடிக்கிறாரு. ஏறுப்பா.

— கப்பல்லேர்ந்து வுழுந்ததுக்கு அப்பால ஏணியத் தொடவே இல்ல...

— தெரியும்டா.

— பலகையில தொங்கிகினு பெயிண்ட் அடிச்சிகினு இருந்தேன். மேல கயிறு புடிச்சவன் பாடிகினு இருந்தான். திடீர்னு பாட்டு நின்னுச்சு. பீடி பத்த வைக்கப் போய்ட்டான். அவ்ளோதான், கடல்ல கெடந்தேன்.

— அதான் நான் பேசுறேனே. பாடவும் செய்யட்டா? கோயில்ல என்னப் பாட வுட மாட்டாங்க.

— வேணாம்க்கா! பயத்துல கைய வுட்டுடுவேன்.

— சிரிச்சிட்டான்டாப்பா! அப்படியே ஏறு. திங்கக்கிழம வேலைக்கி வரலன்னா வேற ஆளுன்னு மேஸ்திரி சொல்லிட்டாராமே?

— மலரு சொன்னாளா?

— ம்...

— ஊருக்கெல்லாம் சொல்லுவா. எங்கிட்டதான் மூஞ்சி குடுத்தே பேச மாட்டா. பயந்தாங்கொள்ளிய கட்டிகினோமேன்னு கீது அவளுக்கு. கயிறு புடிக்க வாடின்னேன்... மாட்டேன்னுட்டா.

— படியப் பாத்து ஏறு. இன்னும் ஒண்ணு...

— ஏறிட்டேன்! அக்கா, ஏறிட்டேன்! தகரம் மூஞ்சிக்கு நேரா கீது. ஹார்பர் தெரியுதுக்கா... கப்பலுங்க வரிசையா நிக்குது.

— மாதாவே! தாயே!

— இரு, கொட்டாங்குச்சியால வாரி பக்கெட்டுல போடுறேன். ஒரே கலீஜ்... சேறு, எலை, காக்கா கொண்டாந்த எலும்பு...

— எட்டி எட்டி வாராத. கை எட்டலன்னா எறங்கி ஏணிய நகத்தணும்.

— ஷோக்கா கத்துகினியே! அட... கொழா வாயில எதுவோ அடச்சிகினு கீது.

— ...

— அக்கா! பேசு!

— பேசுறேன், பேசுறேன்! இன்னா அது?

— காக்கித் துணி. லூயிசு அண்ணன் ரயில்வே சட்ட மாதிரி கீது.

— காத்துல பறந்து போயிருக்கும்.

— பறந்து வந்து, தானா சுருட்டிகினு, கொழாக்குள்ள பூந்துகினு, மேல கல்லையும் தூக்கி வச்சிகிச்சா?

— பெரிய காத்துடா அது.

— டபாய்க்காதக்கா. நீதான அடச்சே?

— தண்ணி போவுதா, அத்தப் பாரு மொதல்ல.

— போவுது, சலசலன்னு போவுது. நீதான?

— ஆமாண்டா! வேற இன்னா பண்ணச் சொல்ற? எத்தினி தபா கெஞ்சினோம்... ஏணின்னாலே வெளிய ஓடிப்பூடுவே. எங்க வூடு முழுகுதுன்னா நீ ஏறுவேன்னு தெரியும்.

— எனக்காக உன் வூட்டையே நனச்சிகினியாக்கா... இரு, கண்ணு தெரியல. தொடச்சிக்கிறேன். நீ நல்லா இருக்கணும்க்கா. இத்த நான் சாவுற வரைக்கும் மறக்க மாட்டேன்.

— அய்ய, வாய மூடு. எங்க வூட்டுக்காரரு டைபாய்டுல கெடந்தப்ப ராவும் பகலும் தூக்கிகினு அலஞ்சது யாரு? அத்த நாங்க மறந்துட்டமா? திங்கக்கிழம போவியா?

— போறேன். கயிறு புடிக்கிறவன் வாய மூடக் கூடாதுன்னு சொல்லிட்டுதான் தொங்குவேன்... இரு, இரு. இவ்ளோ ஒசரம் நீ ஏறினியா? தனியாவா? அறிவு கீதா உனக்கு? வுழுந்திருந்தா இன்னா ஆவறது?

— தனியா ஏறுவனா? கயிறு கட்டிகினுதான் ஏறினேன். புடிக்கிறதுக்கும் ஆள் இருந்துச்சு.

— யாரு?

— உன் பொண்டாட்டிதான். கையெல்லாம் கயிறு அறுத்துக் காயம், இன்னிக்கி எப்படிப் புடிப்பா? நான் எறங்குற வரைக்கும் வாய் ஓயல மலருக்கு. பூரா உன் பேச்சுதான்டா... ஒரு வார்த்த கொற சொல்லல.